ரோமுலஸ் ரோமுக்குப் பெயர் கொடுத்தானா, ரோம் ரோமுலஸுக்குப் பெயர் கொடுத்ததா?

கேள்வி இதுதான்: ரோம், லத்தியம் (ரோமைச் சுற்றிய நாடு), பலாத்தியம், கபித்தோலியம் (ரோமின் குன்றுகள்), திபெரிஸ் (ரோமின் ஆறு) என்று லத்தீன் இடப்பெயர் எதை எடுத்தாலும் அதற்கு ஓர் அரசனையோ தேவனையோ காரணமாகக் காட்டுகிறார்களே, அவற்றில் எதை நம்பலாம், எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலான இடங்களில் ஊர்ப்பெயர் முதலில் வந்தது, ஆள் பின்னால் வந்தான். நம் இலக்கணத்தில் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று இரண்டு உண்டு. பழைய ரோமானியர்களுக்கு இடுகுறி என்றாலே பொறுக்காது. பொருள் மறந்துபோன பெயர் எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு காரணத்தைத் தேடிப் பிடிப்பார்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பெயரிலேயே ஒருவனைப் பிறக்க வைத்து, அரசனாக்கி, அங்கேயே சாகடித்துப் புதைத்தும் விடுவார்கள். ஆனால் எல்லாக் கதையையும் இப்படித் தள்ளிவிட முடியாது. சிலவற்றில் சொல் சரி, கதை தவறு. ஒன்றிரண்டில் ஆளே உண்மை. ஆகவே பெயரைப் பெயராகச் சோதிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்தச் சொல்லிலிருந்து எந்தச் சொல் கிளைத்தது என்பது. ரோமை நிறுவியவனாகச் சொல்லப்படும் ரோமுலஸின் பெயர் லத்தீனில் 'ரோமுலுஸ்'. அதன் கடைசியில் நிற்கும் 'உலுஸ்' ஒரு விகுதி. சிசிலிக்காரனை 'சிகுலுஸ்' என்பார்கள். அதே வாய்பாட்டில் ரோமுலுஸ் என்றால் ரோமைச் சேர்ந்தவன். விகுதி ஏறிய சொல்லிலிருந்து விகுதி இல்லாத ஊர்ப்பெயர் பிறக்காது. ரோமுலஸின் பெயரில் ஊர் வைத்திருந்தால் அது 'ரோமுலேயா' போல நீண்டிருக்கும். அப்படி ஓர் ஊர் சாம்னியர் நாட்டில் உண்மையிலேயே இருந்தது, ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி குறிப்பிடுகிறார். ஆக, கதைப்படி கி.மு. 753 ஏப்ரல் 21 அன்று ஏர் பூட்டி எல்லை கீறிய ரோமுலஸ், பெயரளவில் 'ரோமன்' என்பதற்கு மேல் எதுவும் இல்லாதவன்.

கிரேக்கர்கள் வேறு ஆளைச் சொன்னார்கள். கிரேக்கர்களிடம் வீழ்ந்த டிராய் நகரத்திலிருந்து வந்த அகதிகளில் 'ரோமே' என்ற பெண் ஒருத்தி, அலைந்து அலைந்து அலுத்துப்போய், மற்றப் பெண்களைத் தூண்டிக் கப்பல்களைக் கொளுத்திவிட்டாளாம். போக வழியில்லாமல் ஆண்கள் அங்கேயே தங்கி, ஊருக்கு அவள் பெயரை வைத்தார்களாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க எழுத்தாளர் ஹெல்லனிகஸ் வரை இந்தக் கதை பின்னோக்கிப் போகிறது. கிரேக்கத்தில் 'ரோமே' என்றால் வலிமை, அவ்வளவுதான் சங்கதி. கிரேக்கக் காதில் ஊர்ப்பெயர் அப்படி விழுந்தது, ஒரு பெண் பிறந்துவிட்டாள். கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் தன் ரோமுலஸ் வரலாற்றின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட விளக்கங்களை வரிசையாக அடுக்குகிறார். ஒரு பெயருக்கு இத்தனை பதில் இருந்தால், பதில் யாருக்கும் தெரியாது என்று பொருள். திபெரிஸின் பழைய பெயர்களில் ஒன்றாகச் சொல்லப்படும் 'ரூமோன்' பக்கமும், ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எத்ருஸ்கர்களின் குடிப்பெயர்கள் பக்கமும் இன்றைய ஆய்வாளர்கள் கை காட்டுகிறார்கள். எதுவும் முடிந்த முடிவாகவில்லை.

திபெரிஸ், அதாவது டைபர் நதி, இதே சோதனையில் இன்னும் வேகமாகத் தோற்கும். ஆற்றின் பழைய பெயர் அல்புலா, ரோமுக்கு முந்திய நகரமான ஆல்பா லோங்காவின் அரசன் திபெரீனுஸ் அதைக் கடக்கையில் மூழ்கிச் செத்ததால் பெயர் மாறியது என்கிறார் லிவி. 'ஈனுஸ்' என்பது 'அதைச் சார்ந்த' என்று பொருள் தரும் பெயரடை விகுதி. திபெரீனுஸ் என்றால் 'திபெரிஸுக்கு உரிய'. ஆற்றின் பெயரைப் பெயரடையாக்கி அதற்கு முடிசூட்டி அதே ஆற்றில் தள்ளிவிட்டார்கள், பாவம்.

இந்த அரசர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடியும். டிராய் விழுந்த ஆண்டைக் கிரேக்க அறிஞர் எரதோஸ்தனீஸ் கி.மு. 1184 என்று கணக்கிட்டார். மரபுப்படி ரோம் தோன்றியது 753இல். டிராயிலிருந்து தப்பி இத்தாலிக்கு வந்த வீரன் ஈனியாஸின் மகன் வழிப் பேரன்தான் ரோமுலஸ் என்றால் நடுவில் 430 ஆண்டு ஓட்டை. அதை அடைக்க ஆல்பா லோங்காவில் ஓர் அரச பரம்பரை தேவைப்பட்டது. லிவி தரும் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: லத்தீனுஸ் சில்வியுஸ், ஆல்பா, காப்பிஸ், திபெரீனுஸ், ரோமுலுஸ் சில்வியுஸ், அவெந்தீனுஸ்... ஓர் இனம், ஓர் ஊர், ஓர் ஆறு, ஒரு மலை. நிலப்படத்தைப் பார்த்து அரசர்களை நியமித்த பட்டியல் இது. இதில் வரும் யாரும் ஒரு பெயருக்குக் காரணம் என்று எங்கே படித்தாலும் உடனே சந்தேகப்படுங்கள்.

அடுத்த சோதனை ஒலி. ஆங்கில எழுத்தில் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது, தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லியே தர வேண்டாம்: லத்தீனில் குறில் நெடில் பொருளை மாற்றும். கம்பு வேறு, காம்பு வேறு.

லத்தியத்தை எடுத்துக்கொள்வோம். தன் மகன் ஜூபிடரால் விரட்டப்பட்ட சாட்டர்ன் இந்தக் கரையில் ஒளிந்து வாழ்ந்தான், 'ஒளிந்திருத்தல்' என்ற லத்தீன் சொல் 'லத்தேரே', அதனால் நாடு லத்தியம் என்று ஈனியாஸைப் பற்றிய ஈனியிட் காவியத்தின் 8ஆம் பகுதியில் கவிஞர் விர்ஜில் சொல்ல வைக்கிறார். இன்னொரு கவிஞரான ஓவிடும் இதையே சொல்கிறார். தேவன் ஒளிந்த கதை பிடிக்காதவர்களுக்கு ரோமானிய அறிஞர் வர்ரோவின் பெயரில் இன்னொரு விளக்கம் உண்டு: ஆல்ப்ஸுக்கும் அப்பெனைனுக்கும் நடுவே ஒளிந்து கிடக்கும் நாடு. இன்றைய நூல்களில் பரவலாகக் காண்பது 'லாத்துஸ்', அகன்ற, சமவெளி என்ற விளக்கம். நிலத்தைப் பார்த்தால் இதுதான் பொருத்தம். ஆனால் லத்தியத்தில் முதலெழுத்து குறில், லாத்துஸில் நெடில். நேராக ஒட்டாது. 'பரப்புதல்' என்று பொருள்படும் ஒரே பழைய வேரிலிருந்து குறுகிய உயிரோடு வேறொரு வடிவம் கிளைத்தது என்று கொண்டால்தான் அது நிற்கும். வேடிக்கை என்னவென்றால், 'லத்தேரே' குறில்தான். ஒலியில் தேர்ச்சி பெறுவது புராணம், பொருளில் தேர்ச்சி பெறுவது மொழியியல். ஒலி ஒத்தது என்பதற்காக மட்டும் ஒரு விளக்கத்தை ஏற்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

பலாத்தியம் இதற்கு நேர்மாறு. கிரேக்கத்தின் ஆர்க்கேடியாவிலிருந்து வந்த எவாண்டர் என்ற அரசன் தன் முன்னோன் பல்லாஸ் பெயரால் 'பல்லந்தேயம்' என்ற ஊரை அந்தக் குன்றில் அமைத்தான், அதுவே பலாத்தியம் ஆயிற்று என்பது விர்ஜில் வழி. முன்சொல்லில் 'ல்ல', 'ந்த' என்று இரண்டு ஒற்று இருக்கிறது. பின்சொல்லில் இரண்டும் இல்லை. லத்தீனில் இவை இப்படிக் காணாமல் போகும் வழக்கம் கிடையாது. மேய்ப்பர்களின் தெய்வமான பலேஸிடமிருந்து வந்தது என்ற விளக்கம் ஒலிக்கு எவ்வளவோ மேல். ரோம் பிறந்ததாகச் சொல்லும் ஏப்ரல் 21ஆம் தேதியே அவளுடைய பரீலியா திருவிழா என்பதால் அதற்குக் கூடுதல் வலு. ஆடு கத்தும் 'பாலாரே' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொன்னவர்களும் உண்டு, வர்ரோ பதிந்து வைத்திருக்கிறார். எப்படியோ, அகஸ்டஸ் அந்தக் குன்றில் குடியேறிய பிறகு அதன் பெயர் பேரரசர் மாளிகைக்கு ஆகி, இத்தாலியனில் பலாத்ஸோ, பிரெஞ்சில் பலே, ஆங்கிலத்தில் பேலஸ் என்று போய், கடைசியில் நம்மூர்க் கல்யாண மண்டபத்தின் பெயர்ப்பலகை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

குறில் நெடில் பார்க்கும்போது ஒரு குழியில் விழாமல் இருக்க வேண்டும். கவிஞர்கள் யாப்புக்காக நீட்டுவார்கள். 'இத்தாலியா' என்ற சொல்லில் எல்லாம் குறில். காவிய யாப்பில் தொடர்ந்து மூன்று குறில் நுழையாது, அதனால் விர்ஜில் முதல் எழுத்தை நெடிலாக்கித்தான் பாடுகிறார். செய்யுளில் ஒரு முறை பார்த்துவிட்டு 'இது நெடில்' என்று முடிவு கட்டினால் தவறு.

இத்தாலியாவின் கதையே தனிச்சுவை. அரக்கன் ஜெரியோனின் மாடுகளைக் கிரேக்க வீரன் ஹெர்குலிஸ் ஓட்டிக்கொண்டு வரும்போது ஒரு கன்று பிரிந்து ஓடித் தீபகற்பம் முழுக்கச் சுற்றி, நீந்திச் சிசிலிக்குப் போய்விட்டது. தேடிக்கொண்டு போனவன் வழியெல்லாம் கேட்டான். உள்ளூர்க்காரர்கள் கன்றை 'விதுலுஸ்' என்றார்கள். அதனால் அந்தக் கன்று ஓடிய நிலமெல்லாம் 'விதுலியா'. இதையும் ஹெல்லனிகஸ் பெயரால்தான் நமக்குக் கிடைக்கிறது. மாடு தேடிய கதை புனைவுதான். ஆனால் கன்று புனைவாக இருக்க வேண்டியதில்லை. கி.மு. 91இல் ரோமுக்கு எதிராக எழுந்த இத்தாலியக் கூட்டாளிகள் அடித்த நாணயங்களில், தென்னித்தாலியின் பழைய மொழியான ஆஸ்கனில் 'விதேலியு' என்றே நாட்டின் பெயர் இருக்கிறது. அதே போரின் சில நாணயங்களில் காளை ஓநாயை முட்டி மிதிக்கிறது. ஓநாய் ரோம், காளை யார் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் இருந்த 'வ' எங்கே போனது? அந்த ஒலி தேய்ந்துபோன தென்னித்தாலியக் கிரேக்கர் வாயில் புகுந்து வந்ததால் போனது. கிரேக்கர் வழியே 'இத்தாலியா' ஆகி, ரோமானியர்கள் தங்கள் நாட்டின் பெயரையே வெளியாரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

கபித்தோலியத்தில் கவனிக்க வேண்டியது எச்சம். குன்றில் ஜூபிடர் கோயிலுக்குக் கடைக்கால் தோண்டியபோது முகம் சிதையாத மனிதத் தலை ஒன்று கிடைத்தது, இந்த இடம் உலகுக்குத் தலையாகும் என்று குறி சொன்னார்கள் என்பது லிவி தரும் வடிவம். 'கபுத்' என்றால் தலை, பெயரில் அது இருக்கிறது, சரி. மீதியுள்ள 'ஓலியம்' என்னாவது? பிற்காலத்தில் அதற்கும் ஆள் வந்தான்: அது 'ஓலுஸ்' என்பவனின் தலையாம், 'கபுத் ஓலி'. வேறு எந்த வேலையும் இல்லாமல், மிஞ்சிய அசைகளை நிரப்ப மட்டும் ஒருவன் கதைக்குள் வந்தால் அவன் பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

ஆல்பா லோங்காவுக்கு இன்னொரு சோதனை பொருந்தும்: இதே பெயர் வேறு இடத்திலும் இருக்கிறதா? வெள்ளைப் பன்றி ஒன்று முப்பது குட்டிகளோடு கிடப்பதை ஈனியாஸ் கண்டான், முப்பது ஆண்டு கழித்து அவன் மகன் அஸ்கானியுஸ் எழுப்பிய நகரத்துக்கு வெள்ளை என்ற பொருளில் 'ஆல்பா' என்று பெயர். மலைமுகட்டில் நீளமாகக் கிடந்ததால் 'லோங்கா'. கதைக்குச் சாட்சியே இருந்தது. பன்றிக்கும் குட்டிகளுக்கும் லவீனியம் என்ற ஊரில் வெண்கலச் சிலை இருப்பதாகவும், தாய்ப்பன்றியின் உடலையே உப்பில் போட்டு வைத்திருந்ததால் பூசாரிகள் அதை எடுத்துக் காட்டுவார்கள் என்றும் வர்ரோ எழுதுகிறார். அதுவும் பண்ணைத்தொழில் நூலில், பன்றி வளர்ப்பைப் பற்றிய பகுதியில். தெய்வச் செயலுக்கு அத்தாட்சியாக உப்புக்கண்டம்! ஆனால் அப்பெனைன் மலைக்குள் ஆல்பா ஃபூகென்ஸ் இருக்கிறது, வடமேற்கில் ஆல்பா பொம்பேயா இருக்கிறது. அங்கெல்லாம் எந்தப் பன்றி போயிற்று? மலையைக் குறிக்கும் பழைய 'ஆல்ப்' என்ற சொல்லே இவற்றில் நிற்கிறது, ஆல்ப்ஸ் மலையில் இருப்பதும் அதுவே என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

கடற்கரைப் பெயர்கள் தனி வகை. ஈனியாஸின் ஆட்கள் யாராவது செத்தால் அங்கே ஒரு முனையோ துறையோ உருவாகிவிடும். ஊதுகொம்புக்காரன் மிசேனுஸ் செத்த இடம் மிசேனம், செவிலித்தாய் கயேத்தா புதைக்கப்பட்ட இடம் கயேத்தா (இன்றைய கயேத்தா நகரமேதான்), சுக்கானி பலினூருஸ் கரையொதுங்கிச் செத்த இடம் பலினூரோ முனை. மிசேனம் முனையைக் கடலிலிருந்து பார்த்தால் தட்டையான தலையோடு பெரிய சமாதி மேடு போலவே இருக்கும். அங்கே கதை பெயரிலிருந்து மட்டுமல்ல, மலையின் உருவத்திலிருந்தும் முளைத்திருக்கிறது. கயேத்தாவைப் பற்றிக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ வேறு சொல்கிறார்: லக்கோனியக் (ஸ்பார்ட்டா பகுதி) கிரேக்கத்தில் குழிவானதைக் குறிக்கும் சொல் அது, வளைகுடா குழிவாக இருக்கிறது, அவ்வளவே. பலினூருஸ் என்பதைக் கிரேக்கமாகப் பிரித்தால் 'பலின்' திரும்ப, 'ஊரோஸ்' காற்று. காற்று திசை மாறும் முனைக்கு மாலுமிகள் வைக்கக்கூடிய பெயர்தான். கவிஞன் மார்ஷியல் 'ஊரோஸ்' என்பதைச் சிறுநீர் கழிக்கும் சொல்லாக மாற்றிப் பிரித்து, கப்பலில் ஒரு முறை போய்விட்டு மறுபடியும் போகத் துடிக்கும் ஒருவனை 'இனி நீ பலினூருஸ்தான்' என்று கிண்டல் செய்திருக்கிறார். பெயரைப் பிரித்து விளையாடுவது புலவர்களின் ஏகபோகமல்ல, படித்த ரோமானியன் எவனுக்கும் பொழுதுபோக்கு.

பெயரின் ஒலிக்கு அவர்கள் உண்மையிலேயே பயப்படவும் செய்தார்கள். 'மலெவெந்தும்' என்ற ஊரில் 'மலெ' என்பது 'கெட்ட' என்று காதில் விழுந்ததால், கி.மு. 268இல் அங்கே குடியேற்றம் அமைத்தபோது அதை 'பெனெவெந்தும்' என்று மாற்றினார்கள். உண்மையில் அந்த 'மலெ'வுக்கும் கெட்டதற்கும் சம்பந்தமில்லை, உள்ளூர்ப் பெயரை லத்தீன் காது அப்படிக் கேட்டது. அட்ரியாட்டிக்கின் எதிர்க்கரையில் எபிதம்னுஸும் இப்படியே அகப்பட்டது. 'தம்னும்' என்றால் நட்டம், அதனால் அந்தத் துறைமுகத்தைத் திர்ராக்கியம் என்றே அழைத்தார்கள்.

விளக்கங்களின் எண்ணிக்கையே சாட்சி என்று ரோமுக்குச் சொன்னேன். மிக அருகில் பார்க்க வேண்டுமானால் ரோமின் பழைய பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தின் நடுவில் உள்ள 'லாகுஸ் குர்தியுஸ்' போதும். குர்தியுஸின் குளம் என்று பெயர், குளம் வற்றி வெகுகாலம். வர்ரோ மூன்று பேரைச் சொல்கிறார். ரோமுலஸோடு நடந்த போரில் அந்தச் சதுப்பில் சிக்கித் தப்பிய சபீனிய வீரன் மெத்தியுஸ் குர்தியுஸ். தரை பிளந்தபோது ஊருக்காக ஆயுதங்களோடு குதிரைமேல் அதில் பாய்ந்து உயிர்விட்ட குர்தியுஸ் (லிவி இதைக் கி.மு. 362இல் வைக்கிறார்). மின்னல் விழுந்த அந்த இடத்துக்கு வேலி போட்ட கி.மு. 445ஆம் ஆண்டுக் கான்சல் (ஆட்சித் தலைவர்) குர்தியுஸ். முதலாமவன் தப்பினான், இரண்டாமவன் செத்தான், மூன்றாமவன் வேலி கட்டினான். மூன்றிலும் மாறாதது பெயர் மட்டும். எனக்குக் கேட்டால் மூன்றாவதை எடுத்துக்கொள்வேன். மின்னல் விழுந்த இடத்தை வேலியிட்டுப் புனிதமாக்குவது ரோமில் வழக்கமான சடங்கு. யாரும் ரசிக்கத் தக்கதாக அதில் எதுவுமில்லை, ரசிப்பதற்கென்று புனையாததே அதன் பலம்.

இவற்றை மூலத்தில் தேடிப் படிக்க நினைப்பவர்கள் வர்ரோவின் லத்தீன் மொழி நூலில் 5ஆம் பகுதியிலிருந்து தொடங்கலாம். 25 பகுதிகளில் 5 முதல் 10 வரைதான் எஞ்சியிருக்கின்றன, இடப்பெயர்கள் இருக்கும் பகுதி தப்பியது நம் அதிர்ஷ்டம். அவர் பல விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் ஆள். விர்ஜில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மூடிவிடுவார், ஆகவே அவரைத் தனியாகப் படித்தால் ஏமாறுவோம். ஈனியிட்டின் 8ஆம் பகுதியில் எவாண்டர் ஈனியாஸை அழைத்துக்கொண்டு வருங்கால ரோமைச் சுற்றிக் காட்டும் இடத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெயர்க் காரணம் புதைந்திருக்கிறது. 'பெயர்', 'அழைத்தனர்', 'என்பர்' போன்ற சொற்கள் வந்தால் நின்று பாருங்கள். ஆர்கிலேதம் தெரு வருகிறது. அங்கே செத்த விருந்தாளி ஆர்குஸைக் காட்டி, 'ஆர்குஸின் சாவு' என்ற பிரிப்பை நம் காதில் போடுகிறார். வர்ரோவைத் திறந்தால் பக்கத்திலேயே 'ஆர்கில்லா', அதாவது களிமண், இருக்கிறது. விர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியுஸ் மற்றவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்துத் தருவார், ஆனால் அவர் காலம் கி.பி. 400ஐ ஒட்டியது. அவர் சொல்வது பழைய செய்தியா, பள்ளிக்கூட வாத்தியாரின் ஊகமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழையவர்களின் முறையில் ஒரு விபரீதமும் உண்டு, எதிர்ப்பொருளால் விளக்குவது. தோப்புக்கு 'லூகுஸ்' என்று பெயர் வந்தது அங்கே ஒளி இல்லாததால் என்பார்கள், 'லூக்' என்பது ஒளி. இதை வைத்து அவர்களைக் கேலி செய்யாத நூல் இல்லை. ஆனால் மொழியியல்படி லூகுஸ் ஒளியோடு சேர்ந்த சொல்லேதான், காட்டில் மரம் விலகி வெளிச்சம் விழும் திறப்பு. வடமொழி 'லோக' அதற்கு உறவு. சொல்லைச் சரியாகப் பிடித்துவிட்டுக் காரணத்தைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக, நான் சொன்ன விதியே உடையும் இடம். ரோமின் கைலியுஸ் குன்று. பழைய பெயர் 'கருவாலி மரக் குன்று', எத்ருஸ்கத் தலைவன் கைலியுஸ் விபென்னா அங்கே குடியேறியதால் பெயர் மாறியது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். திபெரீனுஸ் கதையின் அதே வார்ப்பு. தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். ஆனால் கி.பி. 48இல் பேரரசர் கிளாடியஸ் செனட்டில் பேசியது வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டு லியோனில் 1528இல் கிடைத்தது. எத்ருஸ்க மூலங்களைப் படித்தவரான அவர், கைலியுஸின் தோழன் மஸ்தார்னாவே பின்னால் ரோமின் அரசன் ஆனான் என்றும், அவன்தான் தன் தலைவன் பெயரைக் குன்றுக்கு வைத்தான் என்றும் சொல்கிறார். 1857இல் எத்ருஸ்க நகரமான வுல்ச்சியில் திறந்த ஃபிரான்ஸுவா கல்லறைச் சுவரில், கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஓவியத்தில், மக்ஸ்த்ர்னா (மஸ்தார்னா) கைலே விபினாஸின் (கைலியுஸ் விபென்னாவின்) கைக்கட்டை வெட்டி விடுவிக்கிறான். இருவர் பெயரும் பக்கத்தில் எழுதியிருக்கிறது. எத்ருஸ்கர்கள் ரோமானியப் புலவர்களைப் படித்துவிட்டு இதை வரையவில்லை. அதற்கும் முன்னால், வேயி நகரத்துக் கோயிலில் ஒரு கரும்பானையின் அடித்துண்டு கிடைத்தது, கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் படையல். அதில் 'என்னைக் காணிக்கையாகக் கொடுத்தவன் அவிலே விபியென்னாஸ்' என்று கீறியிருக்கிறது. கைலியுஸின் உடன்பிறந்தவனாகக் கதைகள் சொல்லும் அவுலுஸின் பெயர் அது.